வனஜாவின் படங்கள் நகராது

ஓய்வு பெறுகிற வாரத்தில் எங்கள் செக்‌ஷன் சின்னப் பெண்கள் என் மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, "அண்ணி, உங்க அனுபவத்த எழுதிக் குடுத்துட்டுத்தான் போகணும்" என்றார்கள். எதைப் பற்றி எழுத என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி தன் இடத்திலிருந்து, "ஐயோ, மறுபடியும் படம் அடுத்த பக்கத்துக்கு ஓடிடுச்சு" என்று தலையில் கைவைத்தாள். கம்ப்யூட்டர் எத்தனையோ மாறிவிட்டது. வேர்ட் ப்ராசஸரில் படம் ஓடுவது மட்டும் மாறவில்லை. சரி, இதையே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் படத்தைப் பற்றி எழுதினால் வனஜாவைப் பற்றி எழுதாமல் முடியாது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வனஜா என் நாத்தனார், வீட்டுக்காரரின் கடைசித் தங்கை. இந்த ஆபீஸில் எல்லாரும் என்னை அண்ணி என்று கூப்பிடுவதற்கே அவள்தான் காரணம். அவள் வரும்வரை நான் இங்கே அமுதா மேடம். அவள் சேர்ந்த முதல் நாளே ஹால் முழுக்கக் கேட்கும்படி, "அண்ணீ, ஸ்டேப்ளர் எங்க?" என்று கத்தினாள். அதோடு போச்சு. கன்னடக்காரரான எங்கள் மேலதிகாரி ஹெக்டே சாரிலிருந்து கேட் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அண்ணியாகிவிட்டேன். பெயரைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் ஆஸ்டின் டவுனில் பிறந்தவள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, கல்யாணமாகி ஈஜிபுராவுக்கு வந்து, தொண்ணூற்றொன்றில் இந்தக் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். ஒசூர் ரோட்டை ஒட்டிய தொழிற்சாலை. ஆஸ்பத்திரிக் கத்தி, கத்தரிக்கோலை நீராவியில் சுத்தம் பண்ணும் பெரிய எந்திரங்களைச் செய்கிறார்கள். ஒவ்வொரு எந்திரத்தோடும் ஒரு கையேடு போகும். இந்த வால்வைத் திற, அந்த முள் பூஜ்யத்துக்கு வந்ததா பார், பிறகு கதவைத் திற என்று படிப்படியாக, படத்தோடு இருக்கும். அதை அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.

அந்தக் காலத்தில் படம் என்றால் காலியிடம்தான். டிராயிங் பிரிவிலிருந்து வரும் படத்தை ஸ்கேலால் அளந்து, டைப்ரைட்டர் உருளையை அத்தனை வரி தள்ளிவிட்டு, கீழே மேட்டரைத் தொடர்வேன். அப்புறம் படத்தை வெட்டி, பசை தடவி, அந்தக் காலியிடத்தில் ஒட்டி, ஜெராக்ஸ் எடுப்பேன். ஒட்டினது ஒட்டினதுதான், எங்கேயும் ஓடாது. கண்ணாலேயே அளந்து வரி விடுவேன். அந்த வேலையில் என்னை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

ஹெக்டே சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பிழை கண்டால் திட்டமாட்டார். பிழை இருக்கும் இடத்தில் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிட்டு, "ஸ்வல்ப நோடிம்மா", கொஞ்சம் பாரும்மா, என்று சொல்லிக் காபி குடிக்கப் போய்விடுவார். அந்தக் கூடு நம் மேசையில் இருக்கும்வரை செக்‌ஷன் முழுக்க நம்மைத்தான் பார்க்கும். திட்டியிருந்தாலே தேவலாம் போலிருக்கும். சரியாக இருந்தால் கூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான் பாராட்டு.

அவரிடம் இன்னொரு விதி இருந்தது. ஒரு கையேட்டுக்கு ஒரே ஃப்ளாப்பி. திருத்தினால் அதன் மேலேயே சேமிக்க வேண்டும். திருத்தம் என்று வந்துவிட்டால் பழைய அச்சுப் பிரதிகளை எல்லாம் அன்றைக்கே கிழித்துப் போட வேண்டும். "பழசு ஒண்ணு மூலையில இருந்தா, யாராவது அதத்தான் எடுப்பான்" என்பார். நீராவி விஷயம், அவர் பயத்திலும் நியாயம் இருந்தது.

பிறகு டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. நான் பயப்படவில்லை. உருளை தள்ளுவதற்குப் பதில் என்டர் தட்டினேன். படம் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு என்டர், என்டர், என்டர். காலியிடம் வந்ததும் படத்தை அதன் மேல் இழுத்து வைத்துவிடுவேன். வரிகள் டைப்ரைட்டர் வரி மாதிரியே இருக்க வேண்டும் என்று வரி உயரத்தையும் இவ்வளவுதான் என்று கட்டிப் போட்டிருந்தேன். அச்சடித்தால் அழகாக வரும். ஆனால் மேலே ஒரு வரியைச் சேர்த்தால் தொலைந்தது. காலியிடம் கீழே இறங்கும், படம் இருந்த இடத்திலேயே எழுத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். உடனே ஒவ்வொரு பக்கமாகப் போய் என்டரைக் கூட்டிக் குறைத்து, படத்தை இழுத்து வைப்பேன். இதுதான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வனஜா கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். என் மாமியார் தினமும், "உங்க ஆபீஸ்ல இவளுக்கு ஒரு வேல பாத்துக் குடேன்" என்று நச்சரித்தார். நான்தான் ஹெக்டே சாரிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்!

வனஜாவின் படங்கள் நகராது. அதுதான் விஷயம். மேலே பத்தி பத்தியாகச் சேர்த்தாலும் படம் தன் படியோடு சேர்ந்தே இறங்கிப் போய், சரியான இடத்தில் நிற்கும். ஹெக்டே சார் இரண்டு தாள்களை ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார், அது அவர் பழக்கம். பார்த்துவிட்டு, "சன்னாகிதெ" என்றார். வாயைத் திறந்து நன்றாக இருக்கிறது என்றார்! எனக்கு அத்தனை வருஷத்தில் கண்ணாடிக் கூடு சட்டைப்பைக்குப் போனதுதான் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீஸில் இது என்றால் வீட்டில் வேறு. "என் தங்கச்சிய சாரே பாராட்டினாராமே" என்று என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாமியார் மீன் குழம்பில் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்தார். "புள்ள கம்ப்யூட்டர் பாத்துப் பாத்து எளச்சிட்டா" என்றார். நான் மட்டும் என்ன, அம்மியா அரைத்துவிட்டு வருகிறேன்? வால் துண்டைத் தின்றுவிட்டு எழுந்து போனேன்.

எப்படித்தான் செய்கிறாள் என்று பார்க்க ஆசை. நேரே கேட்க மனசு வரவில்லை. அவளிடம் போய் நான் கேட்பதா? ஃபைல் எடுக்கிற சாக்கில் அவள் பின்னால் போய் நிற்பேன். அவள் திரையில் ஒவ்வொரு வரி முடிவிலும் ஏதோ கொக்கி மாதிரி குறிகளும் புள்ளிகளும் நிறைய இருக்கும். நான் வருவது தெரிந்ததும் ஒரு பொத்தானைத் தட்டுவாள், எல்லாம் மறைந்து வெள்ளைத் தாள் ஆகிவிடும். "என்ன அண்ணி, எதாச்சும் வேணுமா?" என்பாள் பவ்யமாக. நான் வாங்கிக் கொடுத்த வேலை, என்னிடமே ஒளிக்கிறாள்! அந்தப் புள்ளிகளில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் திரையில் அதை எங்கே தட்டுவது என்றுதான் தெரியவில்லை.

இரண்டாயிரம் ஆண்டு வாக்கில் ஹெக்டே சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேனேஜ்மென்ட் எங்கள் செக்‌ஷனில் ஒரே ஒருவரைப் பெர்மனென்ட் செய்யப் போகிறது, இன்னொருவரின் கான்ட்ராக்ட் அந்த வருஷத்தோடு முடியும் என்றார். யார் என்று சொல்லவில்லை. "கெலசா நோடி மாடோணா" என்றார். வேலையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று அர்த்தம். அந்தச் சமயத்தில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மூடிவிட்டிருந்தார்கள். வீட்டில் வருமானம் என்றால் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும்தான். அன்றைக்குப் பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஈஜிபுரா வந்து சேர்ந்தோம்.

அடுத்த மாதமே அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபாக்ஸ் வந்தது. நான் செய்த கையேடு. அவர்கள் ஃப்ளாப்பியில் கேட்டார்கள் என்று ஃபைலாகவே அனுப்பியிருந்தோம். அவர்கள் தாள் நம் தாளைவிடக் குட்டை, கொஞ்சம் அகலம் என்பது யாருக்குத் தெரியும்? அங்கே அச்சடித்ததும் எழுத்தெல்லாம் இடம் மாறிவிட்டது. படங்கள் மட்டும் என் அளவிலேயே நின்றன. 'நீராவியை வெளியேற்று' என்ற படிக்குப் பக்கத்தில், கதவைத் திறக்கிற படம். எழுத்தைப் படிக்காமல் படத்தைப் பார்த்துக் கதவைத் திறந்தால் முகம் வெந்துபோகும். நல்லவேளை, ஒரு நர்ஸ் கவனித்துவிட்டாளாம்.

ஹெக்டே சார் அந்த ஃபாக்ஸை என் மேசையில் விரித்து, கூட்டை அதன் மேல் வைத்தார். அன்றைக்கு அவர் காபி குடிக்கப் போகவில்லை, அங்கேயே நின்றார். பிறகு எங்களிடம் சரியாக இருந்த அச்சுப் பிரதிகளையும் தன் விதிப்படி கிழிக்கச் சொன்னார். ஃப்ளாப்பியை எடுத்து வனஜாவிடம் கொடுத்தார். "திங்கட்கிழமை மத்தியானம் கூரியர். அதுக்குள்ள சரி பண்ணிடும்மா." என் கையேடு, என் கண் முன்னால் அவள் கைக்குப் போயிற்று. வேலையும் அதோடு அவளுக்குத்தான் என்று எனக்கு உறைத்துவிட்டது. அன்றைக்குச் சனிக்கிழமை, அரைநாள். அவளை ஆபீஸில் விட்டுவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அரிசி களைந்துகொண்டிருந்தேன். வனஜா வந்து அடுப்படி வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணி, படமெல்லாம் போயிடுச்சு."

"எந்தப் படம்?"

"உங்க கையேட்டுல இருந்தது. உள்ள காலி வரி நெறைய இருந்துச்சு. மொதல்ல அதயெல்லாம் சுத்தமா எடுத்துடலாம்னு எல்லாத்தயும் ஒரே தட்டுல அழிச்சேன். படமும் சேந்து போயிடுச்சு. கவனிக்காம சேவ் பண்ணி மூடிட்டேன்."

எனக்குள் ஒரு குளுகுளுப்பு. உண்மையைச் சொல்வதற்கென்ன? களைந்த அரிசியை மறுபடியும் களைந்தேன்.

"காலி வரிய எடுத்தா படம் ஏன் போவுது?" என்றேன்.

"ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நங்கூரம் இருக்கும் அண்ணி. எதாவது ஒரு பத்தியில மாட்டிக்கிட்டிருக்கும். உங்களோடது எல்லாம் காலி வரியில மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த வரி போனா படமும் போயிடும்."

ஆக, அதுதான் விஷயம்! இத்தனை நாள் அவள் திரையில் பார்த்துப் பார்த்து ஒளித்தது அதைத்தான். டைப்ரைட்டர்காரியாக நான் தட்டிய என்டர்களில் என் படங்கள் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன.

"டிராயிங் செக்‌ஷன் கம்ப்யூட்டர்ல படமெல்லாம் இருக்கு" என்றாள். "ஆனா வெறும் நம்பர்தான் போட்டிருக்கு. ரெண்டு வால்வு படமும் ஒரே மாதிரி இருக்கு. எது எங்க வரும்னு எனக்குத் தெரில. அச்சடிச்சதும் இல்ல. சார்கிட்ட கேட்டா நான் தொலச்சது தெரிஞ்சிடும்."

கூடத்திலிருந்து மாமியார், "அங்க என்னா குசுகுசுன்னு பேச்சு?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, அரிசியில கல்லு" என்றாள் வனஜா. அவளுக்குப் பொய்கூட என்னைவிட நன்றாக வருகிறது.

நான் சும்மா இருந்தால் போதும். திங்கட்கிழமை மத்தியானம் கண்ணாடிக் கூடு அவள் மேசைக்குப் போகும், பெர்மனென்ட் எனக்கு வரும். அவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் வந்து நிற்கிறாள். அந்தத் தைரியத்தைப் பார்த்தும் எனக்கு எரிச்சல்தான்.

"எது எங்கன்னு நான் சொல்றேன்" என்றேன். "ஆனா அந்தப் புள்ளியெல்லாம் எந்தப் பொத்தானத் தட்டினா வரும்னு நீ எனக்குக் காட்டணும். ஒண்ணு விடாம. மறைக்காம."

அவள் முகம் சட்டென்று மாறியது. "நான் எங்க மறச்சேன்? அந்தப் புள்ளியெல்லாம் பாத்தா உங்களுக்குக் கண்ணு கூசும்னு நெனச்சேன். நீங்க ஒருவாட்டி மூஞ்சச் சுளிச்சீங்களே."

நம்பினேனா என்று கேட்டால், இல்லை. ஆனால் பேரம் படிந்தது.

திங்கட்கிழமை ஹெக்டே சார் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்தோம். அவள் பொத்தானைக் காட்டினாள். பத்திக் குறிகள் எல்லாம் திரையில் எழுந்தன. ஒரு படத்தைச் சொடுக்கினால் பக்கத்திலேயே குட்டி நங்கூரம். சின்னப் பெண்களே, கேட்டுக்கொள்ளுங்கள். படம் ஓடினால் முதலில் அந்த நங்கூரத்தைத் தேடுங்கள். அது எந்தப் பத்தியில் இருக்கிறதோ அந்தப் பத்தியோடுதான் படத்தின் பிழைப்பு. அதைவிட நல்லது, படத்தை மிதக்கவே விடாமல் எழுத்து வரிசையிலேயே, ஓர் எழுத்து மாதிரி உட்கார வைப்பது. படிக்கு ஒரு கட்டம், படத்துக்கு அடுத்த கட்டம் என்று அட்டவணை போட்டு, வரிசை இரண்டு பக்கமாக உடையாமல் பூட்டிவிட்டால், தாளை எப்படி மாற்றினாலும் இரண்டும் ஒன்றாகவே போகும்.

நான் படங்களை அடையாளம் சொன்னேன். அந்த இரண்டு வால்வுப் படங்களில் கைப்பிடி குறுக்கே இருந்தால் மூடியது, குழாயோடு நேராக இருந்தால் திறந்தது. எத்தனை தடவை பசை தடவி ஒட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அவள் ஒவ்வொன்றாகக் கட்டத்துக்குள் வைத்தாள். வைத்ததும் படம் முழுசாக வரவில்லை. மேலே எல்லாம் வெட்டுப்பட்டு, அடியில் ஒரு நூல் அளவுக்குத்தான் தெரிந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி நூல். மூன்றாவது படமும் அப்படியே.

"படமே கெட்டுப்போச்சு போல அண்ணி."

நான் திரையைப் பார்த்தேன். கட்டத்துக்குள் இருந்த எழுத்து வரிகளின் உயரம் எனக்குப் பழக்கமான உயரம். டைப்ரைட்டர் உயரம். நான் கட்டிப் போட்டது! வரி இவ்வளவு உயரம்தான் என்று பூட்டியிருந்தால் அதற்குள் வைக்கிற படமும் அவ்வளவுதானே தெரியும்? "தள்ளு" என்று அவளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, வரி உயரத்தை அவிழ்த்துவிட்டேன். படம் முழுசாக, கைப்பிடியோடு, கதவோடு எழுந்து நின்றது. வனஜா, "அய்யோ அண்ணி!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அந்த நிமிஷம் எனக்கு அவள்மேல் பொறாமையே இல்லை. அதிக நேரம் நீடிக்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

தாளின் அளவை அமெரிக்கக் குட்டைத் தாளுக்கு மாற்றிப் பார்த்தோம். எழுத்து ஓடியது, கூடவே படமும் ஓடியது. நீராவிப் படிக்குப் பக்கத்தில் நீராவி வால்வு, கதவுப் படிக்குப் பக்கத்தில் கதவு. இரண்டு அளவிலும் அச்சடித்து வைத்தோம்.

ஹெக்டே சார் வந்தார். வழக்கம்போல இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். இரண்டும் இரண்டு அளவு, எப்படிப் பொருந்தும்? அவர் புருவம் சுருங்கியது. பிறகு தாள்களையும் கண்ணாடிக் கூட்டையும் மேசையில் போட்டு, விரல் வைத்து ஒவ்வொரு படியையும் வாய்விட்டு வாசித்து, பக்கத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வந்ததும் நிமிர்ந்தார்.

"யாரு மாடிது இது?"

யார் செய்தது என்கிறார். பெர்மனென்ட் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் வனஜா, "அண்ணிதான் சார்" என்றாள். "நான் படத்தயெல்லாம் அழிச்சுட்டேன் சார். அண்ணிதான் எல்லாத்தயும் திரும்ப நிறுத்தினாங்க."

அவர் தாள்களைச் சேர்த்து அடுக்கினார். கண்ணாடிக் கூட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த வருஷக் கடைசியில் நான் பெர்மனென்ட் ஆனேன்.

வனஜாவின் கான்ட்ராக்ட் முடிந்தது. முடிந்த கையோடு அவள் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். கண்ணாடிக் கட்டடம், ஏசி, வாசலிலேயே வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும். மாமியார் தெருவில் நின்று வண்டிக்கு டாட்டா காட்டுவார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது என்று நினைத்தேன். இவள் கையில் முன்பே அந்த வேலை இருந்திருக்கிறது! அதனால்தான் பெரிய மனசு பண்ணி எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள். தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்? கட்டிச் சலித்த புடவையை எனக்குக் கொடுத்த மாதிரி இந்த வேலையையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். இதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷமும் மனசை ஆற்றிக்கொண்டேன். வயிறு எரிந்தாலும், அவளுக்கு நான் ஒன்றும் கடன்படவில்லை என்ற நிம்மதி இருந்தது.

நேற்று நடந்த என் ஓய்வு விழாவுக்கு வந்தாள். காண்டீனில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்தோம். போகிற நேரத்தில் மனசில் வைத்துக்கொள்வானேன் என்று கேட்டேவிட்டேன்.

"அன்னிக்கு சார்கிட்ட என் பேரச் சொன்னியே, அப்பவே அந்தக் கம்பெனி வேல உன் கையில இருந்துச்சு இல்ல?"

"எங்க அண்ணி! ஒண்ணுமே இல்ல" என்றாள். "அதுக்கப்புறந்தான் பயந்துபோய்த் தேட ஆரம்பிச்சேன். அண்ணனுக்கும் வேல இல்ல, எனக்கும் போவப்போவுது, வீடு என்னாவும்னு எத்தன நாள் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன் தெரியுமா? அம்மாவுக்கே தெரியாது."

கையில் எடுத்த சோற்றை இலையிலேயே போட்டேன். "அப்புறம் ஏன்டி சொன்ன?"

அவள் இலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "நீங்க வாயத் தொறந்தீங்க. எங்க 'நான்தான் சார்'னு சொல்லிடுவீங்களோன்னு எனக்குப் பயமாயிடுச்சு. நீங்க மட்டும் அப்படிச் சொல்லியிருந்தா, அப்புறம் வீட்ல ஒரே பானச் சோத்தத் தின்னுக்கிட்டு உங்க மூஞ்ச எப்படிப் பாக்கறது? அதான் நானே முந்திக்கிட்டேன்."

"நான் 'ரெண்டு பேரும்தான் சார்'னு சொல்லத்தான்டி வாயத் தொறந்தேன்!"

சத்தியமாக அதைத்தான் சொல்ல வந்தேன். தொண்டைவரை வந்துவிட்டது.

"சரி விடுங்க அண்ணி" என்று சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டினாள். நம்பவில்லை. அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இனி யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். அவளோடு கழித்த இத்தனை வருஷத்தில் நான் நல்லவளாக இருக்கக் கிடைத்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.